வட்டிக்கு அஞ்சும் வியாபாரி வருமான வரித்துறைக்கு வட்டி கட்டலாமா?

2025 ஜூலை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு. இஷா தொழுகை முடிந்து வெளியே வந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். ராயபுரத்தைச் சேர்ந்த வியாபாரி ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டார். ஐம்பது வயதைத் தாண்டியவர். பனியன் லாட் எடுத்து வெளியூர்க் கடைகளுக்கு அனுப்பிப் பிழைப்பவர். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து நீட்டினார். ஆடிட்டர் போட்டுக் கொடுத்த கணக்கு. கடைசி வரிகளில் இரண்டு இடத்தில் 'வட்டி' என்று இருந்தது. இரண்டும் சேர்ந்து எட்டாயிரத்துச் சொச்சம்.

"ஹஜ்ரத், முப்பது வருசமா பேங்குல ஒரு பைசா கடன் வாங்குனதில்ல. மெஷின் எடுக்கக்கூட கையிருப்புதான். இப்ப கவர்மெண்டுக்கு வட்டி கட்டச் சொல்றாங்க. இது வட்டியா, அபராதமா? கட்டுனா பாவமா?"

நல்ல கேள்வி. இது கடனுக்கு ஈடாகப் பேசிக்கொண்ட வட்டி இல்லை, தாமதத்துக்கு அரசு விதிக்கும் தண்டம்தான் என்று சொல்ல இடமுண்டு. சட்டமே வட்டி என்று பெயர் வைத்த ஒன்றை நாம் வேறு பெயரில் அழைத்து மனதைத் தேற்றிக்கொள்வதா என்று கேட்கவும் இடமுண்டு. ஃபத்வா கொடுப்பது என் வேலையல்ல. அதற்குப் பெரிய ஆலிம்கள் இருக்கிறார்கள். நான் அவரிடம் திருப்பிக் கேட்டேன்:

"மார்ச் 15ஆம் தேதி இந்த வரிப் பணம் உங்க கையில இருந்துச்சா பாய்?"

"இருந்துச்சே! ரமலான் சீசன் காசு. கல்லாவுலதான் கிடந்துச்சு."

"அன்னிக்கே கட்டியிருந்தா இந்த எட்டாயிரம் இல்ல. இது ஹலாலா ஹராமாங்குற கேள்வியே வந்திருக்காது."

மனிதர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "அப்படி ஒரு தேதி இருக்குன்னு யாருமே சொல்லலியே ஹஜ்ரத்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்தக் கட்டுரை. ராயபுரத்திலிருந்து காதர்பேட்டை வரை நம் சமுதாயத்தவர் நடத்தும் கடைகளும் பவர்டேபிள் யூனிட்டுகளும் செக்கிங், அயர்னிங் பட்டறைகளும் எத்தனை! நாமும் எத்தனை மேடைகளில் எத்தனை விஷயங்கள் பேசுகிறோம்! மார்ச் 15 என்ற தேதியை ஒரு மேடையிலும் நாம் சொன்னதில்லை.

சம்பளக்காரருக்கு மாதாமாதம் முதலாளியே வரியைப் பிடித்து அரசுக்குக் கட்டிவிடுகிறார். சொந்தத் தொழில் செய்கிறவருக்குப் பிடிக்க ஆளில்லை. ஆகவே, 'இந்த ஆண்டு எனக்கு இவ்வளவு வருமானம் வரும், அதற்கு இவ்வளவு வரி ஆகும்' என்று தானே உத்தேசமாகக் கணக்கிட்டு, ஆண்டு முடியும் முன்பே தவணையாகக் கட்ட வேண்டும். இதுதான் அட்வான்ஸ் டாக்ஸ். நேற்று முளைத்த சட்டம் அல்ல இது. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1944ஆம் ஆண்டிலேயே வெள்ளைக்காரன் 1922ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 18ஏ என்ற பிரிவைச் செருகி இதைக் கொண்டுவந்தான். அதற்கு முந்தைய ஆண்டு, 1943இல், அமெரிக்காவும் இதே வழிக்கு வந்தது. அங்கே சுயதொழில் செய்கிறவர்கள் இன்றும் ஏப்ரல், ஜூன், செப்டம்பர், ஜனவரி என்று நான்கு தவணைகளில் கட்டுகிறார்கள். மலேசியாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் நம் சொந்தக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். 'சிபி 500' என்று ஒரு தாள் வரும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்பார்கள். அங்கே ஒழுங்காகக் கட்டுகிற அதே குடும்பத்தின் தம்பி இங்கே திருப்பூரில், "ரிட்டர்ன் போடும்போது பார்த்துக்கலாம்" என்று உட்கார்ந்திருக்கிறார்!

நம் நாட்டு விதி இதுதான். டிடிஎஸ் பிடித்தது போக, ஆண்டுக்குக் கட்ட வேண்டிய வரி 10,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் வரும் என்றால் அட்வான்ஸ் டாக்ஸ் கட்டியாக வேண்டும். ஜூன் 15க்குள் 15 சதவீதம், செப்டம்பர் 15க்குள் மொத்தமாக 45 சதவீதம், டிசம்பர் 15க்குள் 75 சதவீதம், மார்ச் 15க்குள் முழுவதும். 60 வயது ஆகிவிட்டால் இது கிடையாது என்று பெரியவர்கள் சிலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சலுகை வியாபார வருமானம் இல்லாத மூத்த குடிமக்களுக்கு மட்டுமே. கல்லாவில் உட்கார்ந்திருக்கும் வரை 75 வயதுப் பெரியவருக்கும் இந்தத் தேதிகள் உண்டு.

தவறினால் இரண்டு வகை வட்டி. ஒவ்வொரு தவணையும் குறைந்ததற்கு ஒன்று. மொத்தத்தில் 90 சதவீதத்துக்குக் குறைவாகக் கட்டியிருந்தால் ஏப்ரல் 1 முதல் கட்டி முடிக்கும் வரை இன்னொன்று. இரண்டும் மாதம் 1 சதவீதம். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் இவற்றின் பெயர் 234சி, 234பி. ஓர் ஆண்டுக்கு 3 லட்சம் வரி வரக்கூடிய கணக்குப் புத்தகம் வைத்த வியாபாரி ஒருவர் முதல் மூன்று தவணையையும் விட்டுவிட்டு, மார்ச் 15 அன்று முழுதாகக் கட்டுகிறார் என்று வையுங்கள். அவர் நினைப்பு, 'ஆண்டு முடிவதற்குள் கட்டிவிட்டேனே' என்பது. ஜூனில் 45,000 குறைந்ததற்கு 1,350. செப்டம்பரில் 1,35,000 குறைந்ததற்கு 4,050. டிசம்பரில் 2,25,000 குறைந்ததற்கு 6,750. ஆக 12,150 ரூபாய்! இதைச் செலவாக எழுதி லாபத்தில் கழிக்கவும் முடியாது. ஒரு தையல்காரரின் பல நாள் கூலி இது.

இனி, நம்மில் பெரும்பாலோருக்குப் பொருந்துகிற விஷயத்துக்கு வருகிறேன். சிறு வியாபாரிகளுக்காகச் சட்டத்தில் ஓர் எளிய வழி இருக்கிறது. ஆடிட்டர்கள் '44ஏடி' என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஆண்டு விற்றுமுதல் 2 கோடிக்குள் இருந்தால் (ரொக்க வரவு 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் 3 கோடி வரை) கட்டுக்கட்டாகக் கணக்குப் புத்தகம் எழுதத் தேவையில்லை. ரொக்கமாக வந்த விற்பனையில் குறைந்தது 8 சதவீதம், காசோலை, யுபிஐ, வங்கி வழியாக வந்ததில் குறைந்தது 6 சதவீதம் லாபம் என்று காட்டினால் போதும். இந்த வழியில் போகிறவர்களுக்கு நான்கு தவணையும் கிடையாது. மார்ச் 15க்குள் ஒரே தவணை. அந்த நாள் தவறினாலும் மார்ச் 31க்குள் கட்டியது அட்வான்ஸ் டாக்ஸாகவே கணக்கில் சேரும். தாமத வட்டி ஒரு மாதத்துக்கானது மட்டும் விழும்.

காதர்பேட்டைக் கணக்காகவே சொல்கிறேன். விற்றுமுதல் 2 கோடி, அத்தனையும் ரொக்கம் என்றால் 8 சதவீதம் 16 லட்சம். 2025-26 நிதியாண்டுக்கான புதிய வரி முறையில் அதற்கு வரி 1,20,000. செஸ் சேர்த்து 1,24,800. மார்ச்சில் கட்டாமல் ஜூலையில் ரிட்டர்ன் போடும்போது கட்டினால் வட்டி 1,248ம் 4,992ம் சேர்ந்து 6,240. அதே 2 கோடி முழுவதும் வங்கி வழியாக வந்திருந்தால்? 6 சதவீதம் 12 லட்சம். வேறு வருமானம் இல்லையென்றால் அந்த ஆண்டின் தள்ளுபடிப்படி வரியே இல்லை! ரொக்கத்தைக் கையில் வாங்குவதில் நமக்கு ஒரு சுகம். வெளியூர்க்காரர் நோட்டுக் கட்டை எடுத்து வைத்தால்தான் வியாபாரம் நடந்ததாக மனசு ஒப்புகிறது. அந்தச் சுகத்தின் விலை இந்த உதாரணத்தில் 1,24,800 ரூபாய். ஒரே ஆளிடம் ஒரே நாளில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதே குற்றம், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் உண்டு என்பது தனிக் கதை.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். 6 சதவீதமும் 8 சதவீதமும் 'குறைந்தது' என்று சட்டம் சொல்கிற அளவு. உங்களுக்கு உண்மையில் 15 சதவீதம் நிற்கிறது என்று உங்கள் மனசுக்குத் தெரியும்போது, 6 சதவீதம் மட்டும் எழுதிவிட்டு 'சட்டம் அனுமதிக்கிறது' என்று சொல்வது சரியா? ஆடிட்டரிடம் கேட்டால் அவர் சட்டத்தைச் சொல்வார். என்னிடம் கேட்டால், எழுதுகிற தாள் ஓர் அமானிதம், அதன் கீழே உங்கள் கையெழுத்து இருக்கிறது என்பேன். இந்த விஷயத்தில் என்னோடு சண்டைக்கு வரும் நண்பர்கள் இருக்கிறார்கள், வரட்டும்.

இன்னொரு எச்சரிக்கை. கமிஷன் வியாபாரிகளுக்கும் ஏஜென்ட்டுகளுக்கும் இந்த 44ஏடி பொருந்தாது. கம்பெனிக்கும் வாங்குபவருக்கும் நடுவில் நின்று பீஸுக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்கும் நம் இளைஞர்கள் பலர், "எங்களுக்கும் மார்ச் மட்டும்தானே" என்று நினைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் நான்கும் உண்டு. கணக்கும் முறையாக எழுத வேண்டும்.

உத்தேசம் போடத் தெரியாதவர்களா நாம்?

"வருசம் முடியறதுக்கு முன்னால லாபம் எவ்வளவுன்னு எப்படித் தெரியும் ஹஜ்ரத்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விபோலத் தெரியும். ஆனால் கேட்பவர் யார்? ஒவ்வொரு ரமலானிலும் கடையில் இருக்கும் சரக்கை எண்ணி, வர வேண்டிய பாக்கியில் வராத பாக்கி எது என்று பிரித்து, கொடுக்க வேண்டியதைக் கழித்து, ஜகாத்துக்குக் கணக்குப் போடுகிறவர். நூல் விலை ஏறுமா இறங்குமா என்று மூக்கால் மோப்பம் பிடிக்கிறவர். தீபாவளிக்கு எத்தனை டஜன் போகும் என்று ஆடி மாதமே சொல்கிறவர். அவருக்கா உத்தேசம் போடத் தெரியாது? ஆண்டு நிறைவதற்கு முன்பே ஜகாத்தை முன்கூட்டிக் கொடுத்தால் செல்லுமா என்பது ஃபிக்ஹு நூல்களில் பழைய மஸ்அலா. ஹனஃபி, ஷாஃபி மத்ஹபுகள் செல்லும் என்கின்றன. ஆக, 'முன்கூட்டி, உத்தேசமாக' என்பது நமக்குப் புதிய சொல்லே இல்லை. (ஜகாத்தும் வரியும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. "ஜகாத் கொடுத்துட்டேன், வரி எதுக்கு?" என்று கேட்பவர்களுக்கு: ஜகாத் இபாதத், இது நாட்டின் சட்டம். ஏழைச் சொந்தக்காரருக்குக் கொடுத்த ஜகாத்தை வருமானத்தில் கழிக்கவும் வழியில்லை.)

உத்தேசம் தப்பாகப் போனால்? அதற்குத்தான் தவணை. ஒவ்வொரு தவணையிலும் கணக்கை மாற்றிப் போடலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. 2025ஆம் ஆண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜூன் 15 அன்று எக்ஸ்போர்ட் ஆர்டரை நம்பி நல்ல லாபம் எதிர்பார்த்துக் கட்டியவர்கள் இருந்தார்கள். ஆகஸ்ட் 27 முதல் நம் சரக்குக்கு அமெரிக்காவில் கூடுதல் வரி 50 சதவீதம் என்று ஆனது. ஆர்டர் நின்றது, எக்ஸ்போர்ட் கம்பெனிகளை நம்பியிருந்த ஜாப் ஒர்க் பட்டறைகளும் தள்ளாடின. அப்படிப்பட்டவர் செப்டம்பர் தவணையில் உத்தேசத்தைக் குறைத்துப் போட்டிருக்கலாம். ஜூனில் கூடுதலாகக் கட்டியது எங்கும் போகாது; அடுத்த தவணையில் கழியும், மிஞ்சினால் ரிட்டர்னில் திரும்பி வரும். திருப்பூருக்கு இப்படி அடி விழுவது முதல் முறையும் அல்ல. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதையும், 2016 நவம்பரில் நோட்டு செல்லாமல் போனதையும், 2020 ஊரடங்கையும் பார்த்த ஊர் இது. இந்த ஊரில் உத்தேசம் மாறத்தான் செய்யும். மாறும் என்பதற்காகப் போடாமலே இருப்பது நஷ்டம்.

ஆண்டின் நடுவில் முதல் முறையாகத் தொழில் தொடங்கும் இளைஞனுக்குச் சட்டத்தில் ஓர் இரக்கம் உண்டு. அதுவரை வியாபார வருமானமே இல்லாதவனுக்கு அது முதன்முதலாக வந்தால், வருவதற்கு முன் கடந்துபோன தவணைகளுக்கு வட்டி இல்லை. மீதித் தவணைகளில், தவணை முடிந்திருந்தால் மார்ச் 31க்குள், கட்டிவிட வேண்டும். அக்டோபரில் நாலு ஓவர்லாக் மெஷின் போட்டவன் ஜூன் தவணையை நினைத்துப் பயப்பட வேண்டாம்.

கட்டினால் மட்டும் போதாது

இது என் சொந்த அனுபவம். 2014 மார்ச்சில் என் மச்சானுடன் சேர்ந்து குழந்தைகள் பனியன் தைக்கும் சின்ன யூனிட் ஒன்று நடத்திக்கொண்டிருந்தேன். கணக்கு என் பேரில். பயான் செய்கிற ஆள் வரி விஷயத்தில் சுத்தமாக இருக்க வேண்டும் என்ற வைராக்கியத்தில், 18,000 ரூபாய் அட்வான்ஸ் டாக்ஸ் கட்டுவதற்கு ஒரு பிரௌசிங் சென்டருக்குப் போனேன். அந்தப் பையன் திரையில் ஆண்டைத் தேர்ந்தெடுத்தான். நான் பார்க்கவில்லை, பார்த்திருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. 2014-15 என்று இருக்க வேண்டிய இடத்தில் 2013-14 என்று போய்விட்டது. பணம் போனது, சலான் வந்தது, அதை ஒரு கிதாபுக்குள் வைத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன்.

அடுத்த ஆண்டு நோட்டீஸ். வரி கட்டவில்லை, வட்டியோடு கட்டு என்று! நான் கட்டிய பணம் அரசிடம்தான் இருக்கிறது. ஆனால் வேறு ஆண்டின் பெட்டியில் கிடக்கிறது. வங்கியில் திருத்தும் காலமும் முடிந்துவிட்டிருந்தது. எழுதிக் கொடுத்து, விளக்கம் சொல்லி, அது சரியாகும் வரை நான் தூங்கிய தூக்கம் எனக்குத்தான் தெரியும். தவறு முழுவதும் என்னுடையது. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் 'அல்பகரா' அத்தியாயத்தின் 282ஆம் வசனம்தான் குர்ஆனிலேயே நீளமான வசனம். அதை மேடைதோறும் விளக்கிச் சொன்னவன் நான்; என் சொந்தச் சலானில் எழுதியிருந்ததைப் படிக்கவில்லை.

ஆகவே இளைஞர்களே, கட்டும்போது மூன்றைப் பாருங்கள். பான் எண் உங்களுடையதா? வகை 'அட்வான்ஸ் டாக்ஸ்' (எண் 100) என்று இருக்கிறதா, அல்லது ரிட்டர்ன் போடும்போது கட்டும் 'செல்ஃப் அசெஸ்மென்ட்' (எண் 300) என்று மாறிவிட்டதா? ஆண்டு சரியா? 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் சம்பாதித்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டைத்தான் 'அசெஸ்மென்ட் இயர்' என்று போட வேண்டும். 2025-26இல் சம்பாதித்ததற்கு 2026-27. நான் விழுந்த குழி இதுதான். 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் இந்தக் குழப்பத்தை எடுத்துவிட்டு, சம்பாதிக்கும் ஆண்டையே 'டாக்ஸ் இயர்' என்கிறது. நல்லதுதான், ஆனால் மாறுகிற நேரத்தில் புதுக் குழி ஒன்று இருக்கிறது. 2025-26 வருமானத்துக்குப் பழைய சட்டப்படி 'அசெஸ்மென்ட் இயர் 2026-27'. 2026-27 வருமானத்துக்குப் புதிய சட்டப்படி 'டாக்ஸ் இயர் 2026-27'. இரண்டுக்கும் ஒரே எண்! ஜூலையில் பழைய ஆண்டின் பாக்கியையும் செப்டம்பரில் புதிய ஆண்டின் தவணையையும் கட்டுகிறவர் எண்ணை மட்டும் பார்த்தால் என் கதைதான். எந்தச் சட்டம் என்பதையும் பாருங்கள். புதிய சட்டத்தில் பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன. தவணைத் தேதிகள் மாறவில்லை.

தவறு நடந்துவிட்டால், வருமான வரி இணையதளத்திலேயே சலானைத் திருத்தக் கேட்கும் வசதி இப்போது இருக்கிறது. ஆனால் அதற்கான அவகாசம் குறுகியது. கட்டிய அன்றே சலானைப் படித்துவிடுங்கள்.

பிறகு ரிட்டர்ன் போடும்போது அட்வான்ஸ் டாக்ஸ் கட்டிய விவரத்தை அதற்குரிய கட்டத்தில் காட்ட வேண்டும். வங்கிக் கிளையின் ஏழு இலக்க பிஎஸ்ஆர் எண், கட்டிய தேதி, சலான் எண், தொகை. ஒரு இலக்கம் மாறினாலும் 'பணம் வரவில்லை' என்று கணினி சொல்லும். ஏஐஎஸ் என்ற பட்டியலை முதலில் எடுத்துப் பார்த்து, அதில் இருப்பதும் கையில் உள்ள சலானும் ஒத்துப்போகிறதா என்று சரிபார்த்துவிட்டு ரிட்டர்ன் போடுங்கள்.

26ஏஎஸ் என்ற தாளில் நம் ஏழைப் பட்டறைக்காரர்களின் பணம் தூங்குகிறது என்பதையும் சொல்ல வேண்டும். கம்பெனி கொடுத்த துணிக்கு அயர்ன் போட்டு, செக்கிங் செய்து, பட்டன் வைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் பில்லில் ஒரு தடவை 30,000 ரூபாயைத் தாண்டினாலோ ஆண்டுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டினாலோ 1 சதவீதம் டிடிஎஸ் பிடிப்பார்கள். பான் எண் கொடுக்காவிட்டால் 20 சதவீதம்! ஆண்டுக்கு 20 லட்சம் பில் போடும் அயர்னிங் பட்டறைக்காரருக்குப் பிடிப்பது 20,000. அவருக்குக் கைக்கு நிற்பது 4 லட்சம் என்றால் வரியே இல்லை; 20,000மும் அவருடைய பணம். ரிட்டர்ன் போட்டால் திரும்பி வரும். "நமக்கு எதுக்கு வம்பு, பேரு ஏறுனா நோட்டீஸ் வரும்" என்று போடாமல் விட்டவர்களை நான் நேரில் அறிவேன். பெயர் ஏற்கெனவே ஏறித்தான் இருக்கிறது! ஜிஎஸ்டியில் காட்டிய விற்பனை, வங்கி வட்டி, பிடித்த டிடிஎஸ் எல்லாம் 2021 நவம்பர் முதல் ஏஐஎஸ் என்ற பட்டியலில் அவரவர் பான் எண்ணின் கீழ் வரிசையாக நிற்கின்றன. ஒளிந்துகொண்டிருப்பதாக நினைப்பவர் விளக்கு வெளிச்சத்தில் நிற்கிறார்.

இந்தப் பட்டியல் நம்மவர்களின் இன்னொரு பழக்கத்தையும் காட்டிக் கொடுக்கிறது. கடை அண்ணன் பேரில், ஜிஎஸ்டி மனைவி பேரில், பணம் வருகிற யுபிஐ தம்பி பேரில்! குடும்பத்துக்குள் நம்பிக்கை இருக்கலாம், கணினிக்கு அது தெரியாது. யார் பேரில் வருமானமோ அவர் பேரில்தான் அட்வான்ஸ் டாக்ஸும் போக வேண்டும். அண்ணன் சம்பாதித்ததற்குத் தம்பியின் பான் எண்ணில் கட்டினால் அண்ணன் கட்டாதவர். தம்பி காரணமில்லாமல் கட்டியவர்.

வங்கிச் சேமிப்புக் கணக்கில் விழும் வட்டியை நாம் தொடுவதில்லை. நன்மையை எதிர்பார்க்காமல் எங்காவது கொடுத்துவிடுகிறோம். நல்லது. ஆனால் அது உங்கள் கணக்கில் விழுந்த நிமிடமே வருமான வரிச் சட்டப்படி உங்கள் வருமானம். கொடுத்துவிட்டீர்கள் என்பதால் பட்டியலிலிருந்து மறையாது. அதையும் உத்தேசத்தில் சேருங்கள். மேலே சொன்ன 12 லட்சத்துக்காரருக்கு இந்தச் சில ஆயிரம் வட்டிகூட எல்லையைத் தாண்ட வைத்துவிடும். வியாபாரத்துக்குக் கரண்ட் அக்கவுண்ட் வைத்தால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும்.

வரி கட்டச் சொல்லும் அரசிடம் கேட்கவும் நமக்கு இருக்கிறது. நாம் தாமதித்தால் மாதம் 1 சதவீதம், அதாவது ஆண்டுக்கு 12. நம் பணம் அரசிடம் கூடுதலாகத் தங்கினால் அது நமக்குத் தருவது மாதம் அரை சதவீதம், ஆண்டுக்கு 6. அதுவும் ரீஃபண்ட் தொகை மொத்த வரியில் 10 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் ஒன்றும் இல்லை. (அந்த அரை சதவீதம் வந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். வங்கி வட்டியை என்ன செய்கிறீர்களோ அதையே செய்யுங்கள் என்பது என் கருத்து.) ஒரே கொடுக்கல் வாங்கலில் இரண்டு தராசா? வட்டி என்ற பெயரையே எடுத்துவிட்டு, தாமதக் கட்டணம் என்று ஒரு நிலையான தொகை வைத்தால் வட்டியைத் தவிர்க்கும் லட்சக்கணக்கான வியாபாரிகளுக்கு மனச்சுமை குறையும். தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த அயர்னிங் பட்டறைக்காரருக்கு நோட்டீஸ் அவருக்குப் புரிகிற தமிழில் வர வேண்டும். இவற்றைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. கையில் ஒழுங்கான ரிட்டர்னை வைத்துக்கொண்டு கேட்டால் அந்தக் குரலுக்கு எடை கூடும். 'இவர்கள் வரி கட்டாதவர்கள்' என்று மேடையில் பேசித் திரிகிறவர்கள் முன்னாலும் அதையே எடுத்து வைக்கலாம்.

2023 ஜூன் மாதம் காதர்பேட்டை பனியன் பஜாரில் தீப்பிடித்து ஐம்பது கடைகள் அளவில் எரிந்துபோனது எல்லோருக்கும் நினைவிருக்கும். தகரக் கூரைகளும் கட்டுக்கட்டாகப் பனியன்களும் சாம்பலாகக் கிடந்ததைப் பார்த்தபோது என் மனதில் ஓடியது ஒன்றுதான். எரிந்தது எவ்வளவு என்று எந்தத் தாளைக் காட்டி ஒரு சிறு கடைக்காரர் நிரூபிப்பார்? வங்கியோ இன்சூரன்ஸோ உதவி செய்ய வருகிற அரசோ முதலில் கேட்பது மூன்று ஆண்டு ரிட்டர்னைத்தான். மெஷின் எடுக்க, கடையை ஒத்திக்கு எடுக்க, சரக்கு பார்க்க வெளிநாடு போக விசா வாங்க, எல்லாவற்றுக்கும் அந்தத் தாள்தான்.

அந்த லாட் வியாபாரி இப்போது என்ன செய்கிறார் என்று சொல்லிவிடுகிறேன். கடையில் ஒரு தொழுகை நேர அட்டவணை தொங்குகிறது. அதன் ஓரத்தில் மார்ச் மாதத்துக்கு நேராகப் பேனாவால் '15' என்று எழுதி வட்டம் போட்டிருக்கிறார். வெளியூர்க் கடைகளிடம் பணத்தை வங்கியில் போடச் சொல்லிப் பழக்கிக்கொண்டிருக்கிறார். பாதிப் பேர் கேட்கிறார்கள், பாதிப் பேர் முறைக்கிறார்களாம்.

ராயபுரம் சகோதரர்களுக்கு: ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் மாதங்களில் முதல் ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு, வணிகவியல் படித்த நம் இளைஞர்கள் சிலர் பள்ளிவாசல் மாடியில் உட்காருகிறார்கள். கட்டணம் இல்லை. பான் அட்டை, அதுவரையான விற்பனைக் கணக்கு, வங்கி ஸ்டேட்மென்ட், பழைய சலான் இருந்தால் அது, இவற்றோடு வாருங்கள். யுபிஐ பாஸ்வேர்டை யாரிடமும் சொல்ல வேண்டாம், எங்கள் பையன்களிடமும்தான்.